கலைப்புலக் கட்டடம்: சுவர்களும் வாயில்களும்

ஒரு கல்வி நிலையத்தைக் காண வருவோர் முதலிற் காண்பவை அதன் கட்டடங்களே. வேதியியல் ஆய்வகம் எது, கணிப்பொறிக் கூடம் எது எனக் கேட்டறிந்து வியப்போர் பலர். தமிழ், வரலாறு, மெய்யியல், அரபு, உருது ஆகிய பாடங்கள் நடைபெறும் கட்டடத்தைக் காட்டுமாறு கேட்போர் மிகச் சிலரே. அங்கு விலையுயர்ந்த கருவிகள் இல்லை. கண்ணைக் கவரும் பொருள்களும் இல்லை. சில விசுப்பலகைகளும் ஒரு கரும்பலகையும் ஆசிரியரின் குரலுமே உள்ளன. ஆதலின் அதனை எளிதாக எண்ணிவிடுகின்றனர். கலைப்புலக் கட்டடம் என்பது எத்தகையது, அதனுள் எத்துறைகள் எவ்வாறு அமைய வேண்டும், திருவண்ணாமலை போன்றதோர் ஊருக்கு அது ஏன் வேண்டும் என்பன குறித்து நம் கருத்தை ஈண்டு முன்வைக்க விழைகின்றோம்.

சுருங்கச் சொல்வதாயின் நம் கருத்து இதுவே. இம்மண்ணின் வரலாற்றை எந்த ஒரு துறையும் தனித்து நின்று படித்துவிட இயலாது. தமிழறிந்தார்க்குக் கல்வெட்டும், கல்வெட்டறிந்தார்க்கு அரபும் பாரசீகமும், அரபறிந்தார்க்குத் தமிழ் இலக்கியமும் துணை நிற்றல் வேண்டும். அத்துணையை நாள்தோறும் கிடைக்கச் செய்வதே கலைப்புலக் கட்டடத்தின் பணி. ஒரே கூரையின் கீழ் அமர்ந்தும் ஒருவர் அறைக்குள் மற்றவர் செல்லாதிருப்பின், அது பல வகுப்பறைகளின் தொகுப்பேயன்றிக் கலைப்புலம் ஆகாது.

வல்லாள மன்னரைப் படிப்பது எவ்வாறு?

எடுத்துக்காட்டுக்கு வெளியூர் செல்ல வேண்டுவதில்லை. திருவண்ணாமலைத் திருக்கோயிலுள் வல்லாள மகாராசா கோபுரம் என வழங்கும் கோபுரம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு என்னும் சிற்றூருக்கு எழுந்தருளி, அம்மன்னருக்குத் திதி கொடுக்கும் நிகழ்ச்சி இன்றும் நடைபெறுகிறது. பிள்ளைப்பேறு வாய்க்காத மன்னருக்கு இறைவனே மகனாக நின்று கடனாற்றுவதாக இவ்வூர் மக்கள் நம்புகின்றனர்.

இவ்வல்லாளர் யார்? போசள மரபில் வந்த மூன்றாம் வீரவல்லாளர். அம்மரபின் தலைநகர் இன்றைய கருநாடக மாநிலத்தில் உள்ள துவாரசமுத்திரம். 1311-இல் மாலிக் காபூரின் படை அந்நகரைத் தாக்கியது. தம் ஆட்சியின் பிற்பகுதியில் வல்லாளர் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு வாழ்ந்தார். 1342-ஐ ஒட்டி மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாமகானியோடு நிகழ்ந்த கண்ணனூர்ப் போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

இப்போரை விரித்துரைப்பவர் யார் எனின், மொராக்கோ நாட்டிலிருந்து வந்து, அச்சுல்தானின் காலத்திலேயே மதுரையில் தங்கிய அரபுப் பயணி இப்னு பதூதா ஆவார். கியாசுத்தீனுக்கு அவர் சகலை முறையினர். அவ்வுறவைக் கருதி அவர் எதனையும் மறைக்கவில்லை. எண்பது வயது முதியவராகிய மன்னர், உயிருடன் விடப்படுவார் என நம்பவைக்கப்பட்டுச் செல்வம் அனைத்தும் பறிக்கப்பட்டபின் கொல்லப்பட்டதை அவர் எழுதியுள்ளார். அவ்வுடலின் தோலில் வைக்கோல் திணிக்கப்பட்டு மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டிருந்ததைத் தாமே கண்டதாகவும் கூறுகின்றார். பெண்களையும் குழந்தைகளையும் அச்சுல்தான் கொன்றதை வெறுக்கத்தக்க செயல் எனக் கண்டித்து, அதன் பொருட்டே இறைவன் அவர் வாழ்நாளை விரைந்து முடித்தான் என்றும் எழுதுகின்றார். அதே பகுதியில் இன்னொரு செய்தியும் உண்டு. வல்லாளரின் பெரும்படையில் முஸ்லிம்கள் 20,000 பேர் இருந்தனர் என்பது அது. அவ்வீரர்களை இப்னு பதூதா நல்லெண்ணத்தோடு குறிப்பிடவில்லை. ஆயினும் அவர்கள் அப்படையில் இருந்ததைச் சொல்லாமல் விடவில்லை.

இனி, இவ்வரலாற்றைப் பாதியளவே படித்தவர் கையில் அது என்னாகும் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். இப்போரை இரு சமயங்களின் போர் என்று மட்டும் சொல்பவர், வல்லாளர் பக்கம் நின்ற அந்த 20,000 பேரை எங்கே வைப்பார்? சுல்தானைச் சமயத்தின் காவலர் எனப் புகழ்பவர், அவரைக் கண்டித்த மார்க்க அறிஞரை எங்கே வைப்பார்? ஊர் வழக்கை மட்டும் அறிந்தவர்க்கு அரபு நூலின் செய்தி தெரியாது. அரபு நூலை மட்டும் அறிந்தவர்க்குப் பள்ளிகொண்டாப்பட்டின் திதி தெரியாது. போசளர் வரலாற்றை அறியக் கன்னடக் கல்வெட்டுகள் வேண்டும். கோயில் செய்தியை அறியத் தமிழ்க் கல்வெட்டுகள் வேண்டும். மக்கள் நம்பிக்கையை அறிய நாட்டுப்புறவியல் வேண்டும். ஒரே ஒரு மன்னரைப் படிக்க ஐந்து துறைகள் வேண்டியுள்ளன.

மேடையில் முழங்கப்படும் பாதி வரலாறு ஊர்களைப் பிரிக்க வல்லது. வகுப்பறையில் பொறுமையாகப் படிக்கப்படும் முழு வரலாறோ, கசப்பான செய்திகளையும் உள்ளடக்கியும், மக்களை ஒருவரையொருவர் அஞ்சாமல் வாழச் செய்யவல்லது. நம் நாட்டில் கலைப்பாடங்களின் இன்றியமையாமை இதனினும் பெரிதாக வேறொன்றில் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

நடுகல்லும் நாயும்

இன்னொரு சான்றும் நம் மாவட்டத்திலேயே உண்டு. செங்கம் வட்டாரத்தில் கண்டறியப்பட்ட நடுகற்கள் தமிழக வரலாற்றுக்குப் பெருங்கொடை. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் அவற்றைத் தொகுத்துச் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. பல்லவர் காலத்தில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அக்கற்கள், ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் மாண்ட எளிய வீரர்களின் பெயர்களை நமக்குத் தந்துள்ளன. எடுத்தனூர் நடுகல்லில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து வீரன் ஒருவனோடு, கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயும் நினைவுகூரப்படுகிறது. அரசர்க்கு மட்டுமே வரலாறு உண்டு என எண்ணுவோர்க்கு, நாய்க்கும் கல் நட்ட இம்மண் விடை கூறுகிறது.

சங்க இலக்கியத்தில் நடுகல் பற்றிப் படிக்கும் தமிழ் மாணவர், இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் அவ்வகைக் கற்களைக் கண்ணாற் காணலாம். மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கமே. ஆயினும் வட்டெழுத்தைப் படிக்கக் கற்பிப்பார் பக்கத்து அறையில் இல்லையெனில், அம்மாணவர்க்கு அக்கல் வெறுங்கல்லாகவே நின்றுவிடும். இலக்கியத் துறைக்கும் கல்வெட்டுத் துறைக்கும் இடையே உள்ள சுவர் எவ்வளவு இழப்பைத் தருகிறது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

திருவண்ணாமலையை இவ்வாறு பல துறைகளின் கண்கொண்டு ஆராய்ந்த முயற்சி ஒன்றும் நடந்துள்ளது. அதனைச் செய்தவர்கள் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார். புதுச்சேரியை நிலைக்களமாகக் கொண்டு அவர்கள் வெளியிட்ட தொகுதிகளில், கோயிற் கல்வெட்டுகளைப் பி.ஆர். சீனிவாசன் படித்துப் பதிப்பித்தார். கட்டடங்கள், விழாக்கள், சமூக அமைப்பு, நகரின் வளர்ச்சி எனத் தனித்தனித் தொகுதிகள் அமைந்தன. அவர்தம் உழைப்பு போற்றத்தக்கது. எனினும் அவற்றுட் பெரும்பகுதி பிரெஞ்சு மொழியில் உள்ளது. இவ்வூரின் தெருக்களைப் பற்றியும் திருநாள்களைப் பற்றியும் எழுதப்பட்டதை இவ்வூர்ப் பிள்ளைகள் படிக்க இயலாத நிலை வருந்தத்தக்கதன்றோ? நமக்கென ஒரு கலைப்புலம் வலிமையுடன் இயங்குமாயின், மொழிபெயர்ப்பும் மேலாய்வும் இங்கேயே நடைபெறும்.

முன்னோர் காட்டிய வழி

பல துறைகள் அருகருகே அமைந்தால் விளையும் பயனைச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்பே காட்டியுள்ளது. அங்கு 1920-களின் இறுதி தொட்டுத் தமிழும் வடமொழியும் பிற திராவிட மொழிகளும், அரபு, பாரசீகம், உருது ஆகியனவும் ஆராய்ச்சித் துறைகளாக ஒருங்கு வளர்ந்தன. தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக அப்பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பட்டது. தமிழில் வழங்கும் அரபு, பாரசீக, உருதுச் சொற்களுக்கும் அதில் மூலம் காட்டப்பட்டுள்ளது. தமிழறிஞர் மட்டுமே கூடி அப்பணியைச் செய்து முடித்திருக்க இயலாது.

அப்பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறையில் பணியாற்றிய முகம்மது உசைன் நயினாரின் வாழ்வே நம் கருத்துக்குத் தக்க சான்று. அரபுப் புவியியலார் தென்னிந்தியாவைப் பற்றி எழுதிய செய்திகளைத் திரட்டி 1942-இல் அவர் நூலாக்கினார். ஆர்க்காட்டு நவாபுகளின் வரலாற்றைக் கூறும் பாரசீக நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவரே சீதக்காதி நொண்டி நாடகத்தைத் தமிழில் பதிப்பித்தார். அரபுத் துறைக்காரருக்குத் தமிழ் நாடகத்தில் என்ன வேலை என அன்று எவரும் கேட்டிருப்பின், நமக்கு அப்பதிப்பு கிடைத்திராது. அதே பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையை நடத்திய நீலகண்ட சாத்திரியார், வெளிநாட்டார் தென்னிந்தியாவைப் பற்றி எழுதிய குறிப்புகளை 1939-இல் தொகுத்தபோது இப்னு பதூதாவையும் அதில் சேர்த்தார். ஒரு துறையின் பொருள் மற்றொரு துறையின் மேசைக்குச் சென்ற காலம் அது.

பின்னர் 1981-இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கலைப்புலம், சுவடிப்புலம், வளர்தமிழ்ப்புலம், மொழிப்புலம், அறிவியல்புலம் என ஐந்து புலங்களாக அது வகுக்கப்பட்டது. சிற்பமும் இசையும் நாடகமும் ஒரு புலம். ஓலைச்சுவடியும் கல்வெட்டும் கடல்சார் தொல்லியலும் மற்றொரு புலம். மொழிபெயர்ப்பும் அகராதியும் பிறிதொன்று. இலக்கியமும் மொழியியலும் மெய்யியலும் நாட்டுப்புறவியலும் இன்னொன்று. சித்த மருத்துவமும் கட்டடக் கலையும் கூட அங்கே இடம்பெற்றன. தமிழ் என்பது செய்யுளும் இலக்கணமும் மட்டுமன்று என்னும் உயரிய எண்ணம் அவ்வமைப்பிலேயே விளங்கக் காணலாம். வாழ்வியற் களஞ்சியமும் அறிவியற் களஞ்சியமும் அவ்வெண்ணத்தின் கனிகள்.

உலக நடப்பையும் நோக்குவோம். கலைப்பாடங்களுக்குக் காலம் போயிற்று என்னும் குரல் எங்கும் கேட்கிறது. இங்கிலாந்தின் செப்பீல்டு பல்கலைக்கழகம் தன் தொல்லியல் துறையை மூட 2021-இல் முடிவெடுத்தது. ஆயின் அதே நாட்டின் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்திற்குக் கலைப்புலங்களுக்கெனத் தனிக் கட்டடம் எழுப்ப 2019-இல் செல்வர் ஒருவர் 15 கோடி பவுண்டு அறிவித்தார். 2025-இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில் வரலாறு, மெய்யியல், மொழிகள், இசை, சமயவியல் ஆகியவற்றோடு, செயற்கை நுண்ணறிவின் அறநெறியை ஆராயும் நிறுவனத்திற்கும் இடம் தரப்பட்டுள்ளது. பொறி எவ்வளவு வளர்ந்தாலும், அதனைக் கொண்டு எது செய்யலாம், எது செய்யலாகாது என்னும் வினாவிற்கு விடை தேட மெய்யியலும் வரலாறும் சமயவியலும் வேண்டும் என்பதை உணர்ந்தே அவ்வாறு அமைத்துள்ளனர்.

நம் கையில் உள்ள செல்வம்

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். பழைய வடார்க்காடு மாவட்டத்தில் முஸ்லிம் பெருமக்கள் தோல் வணிகத்தால் ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்த வரலாறு பெருமைக்குரியது. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919-இல் எழுந்தது. மேல்விசாரத்தில் அப்துல் அக்கீம் கல்லூரி 1965-இலும், ஆம்பூரில் மஸ்கருல் உலூம் கல்லூரி 1969-இலும் தோன்றின. திருவண்ணாமலையில் 1966-இல் தொடங்கப்பட்ட அரசு கலைக் கல்லூரி எளிய உழவர் குடும்பப் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பின் வாயிலைத் திறந்தது. 2002-இல் அமைந்த திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இவ்வட்டாரக் கல்லூரிகளைத் தன் குடைக்கீழ்க் கொண்டது.

வாணியம்பாடிக் கல்லூரியின் தமிழ்த் துறையில்தான் கவிக்கோ அப்துல் ரகுமான் நெடுங்காலம் பேராசிரியராக வீற்றிருந்தார். பாரசீக, உருதுக் கவிதையின் கசல் முதலிய வடிவங்களைத் தமிழுக்கு அறிமுகம் செய்தவர் அவர். 'ஆலாபனை'க்காக 1999-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். தமிழும் உருதும் அரபும் ஒரு வளாகத்தில் ஒலித்தால் என்ன விளையும் என்பதற்கு அவர் கவிதைகளே விடை.

முஸ்லிம் பெருமக்கள் நடத்தும் கல்லூரிகள் பலவற்றில் தமிழ்த் துறையும் அரபுத் துறையும் ஒரே வளாகத்தில் உள்ளன. சிலவற்றில் உருதுவும் வரலாறும் உடனுள்ளன. பிற கல்லூரிகள் பெரும்பொருள் செலவிட்டும் பெறற்கரிய அமைப்பு இது. வல்லாள மன்னரைப் படிக்க வேண்டிய மொழிகளுட் பாதி இங்கே ஒரு தாழ்வாரத்தின் இரு பக்கங்களில் அமர்ந்துள்ளன. அரபு எழுத்தில் எழுதப்பெற்ற தமிழாகிய அரபுத்தமிழ் நூல்களைப் படிக்க இவ்விரு துறையினரும் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும். தமிழ் மாணவர் எழுத்தறியார். அரபு மாணவர் பழந்தமிழ்ச் சொல்லறியார். இருவரும் கூடினால் நூல் தன் வாயைத் திறக்கும்.

பிழைப்புக்கு வழி என்ன?

இவ்விடத்தில் பெற்றோர் ஒரு வினா எழுப்புவர். வரலாறும் தமிழும் அரபும் படித்தால் பிள்ளைக்குச் சோறு கிடைக்குமா என்பது அது. கடன்பட்டுப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தந்தையின் வினா இது. இதனை அலட்சியம் செய்வது அறமாகாது. கலைப்பாடம் பயின்ற அனைவர்க்கும் வேலை காத்திருக்கிறது என நாம் பொய்யுரைக்க விரும்பவில்லை.

ஆயினும் இரண்டு கருத்துகளை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நலம். முதலாவது, வணிகவியலும் கணிப்பொறியும் படித்த அனைவர்க்கும் வேலை காத்திருக்கவில்லை. இரண்டாவது, தனித்தனியே நிற்கும் கலைப்பாடம் மெலிந்தது. துணையோடு நிற்கும் கலைப்பாடம் வலியது. தமிழோடு கல்வெட்டும் பயின்றவர் தொல்லியல் துறையையும் அருங்காட்சியகத்தையும் நாடலாம். அரபோடு தமிழும் ஆங்கிலமும் செம்மையாக அறிந்தவர்க்கு மொழிபெயர்ப்பு வேலை வளைகுடா நாடுகள் வரை உண்டு. வரலாறும் அரசியலமைப்பும் நன்கு கற்றவர் அரசுப் பணித் தேர்வுகளில் முந்துவர். திருவண்ணாமலைக்கு ஒவ்வொரு நிறைமதி நாளிலும் கிரிவலத்திற்கெனப் பல்லாயிரவர் வருகின்றனர். ஊரின் உண்மை வரலாற்றைப் பல மொழிகளில் எடுத்துரைக்க வல்ல இளைஞர்க்கு இவ்வூரிலேயே இடமுண்டு. எனவே குறை பாடத்தில் இல்லை. பாடங்களைப் பிரித்துவைத்த முறையிலேயே உள்ளது.

நாம் வேண்டுவன

ஆன்றோர் முன் நாம் வைக்கும் வேண்டுகோள்கள் சிலவே.

முதலாவதாக, திருவண்ணாமலையில் கலைப்புலங்களுக்கென ஓர் ஆய்வு மையம் அரசு முயற்சியால் அமைதல் வேண்டும். அதில் தமிழ், வரலாறு, கல்வெட்டு, நாட்டுப்புறவியல், மெய்யியல் ஆகியவற்றோடு கன்னடமும் தெலுங்கும் அரபும் பாரசீகமும் கற்பிக்கப்படல் வேண்டும். நடுகற்களின் படிகளும் கல்வெட்டுப் படிகளும் ஓலைச்சுவடிகளும் ஒரே நூலகத்தில் மாணவர் கைக்கு எட்டுதல் வேண்டும்.

இரண்டாவதாக, அம்மையம் வரும்வரை காத்திராமல், உள்ள கல்லூரிகளில் உள்ள அறைகளைக் கொண்டே தொடங்கலாம். தமிழ் மாணவர்க்கு அரபு எழுத்தும், அரபு மாணவர்க்கு வட்டெழுத்தும் வாரம் ஒரு மணி நேரம் கற்பிக்கப் புதுக் கட்டடம் எதற்கு? வாரம் ஒருநாள் மாலையில் இரு துறை ஆசிரியரும் ஒரே நூலை எடுத்துவைத்துப் படித்தால் அதுவே பெருந்தொடக்கம் ஆகும்.

மூன்றாவதாக, சமுதாயப் புரவலர்க்கு ஒரு விண்ணப்பம். கல்லூரிக்கு ஈவோர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் கட்டடத்திற்கே ஈகின்றனர். அக்கொடையால் விளைந்த நன்மை பெரிது. இனி வருவோர், வரலாறு பயிலும் ஏழை மாணவர் இருவர்க்கு உதவித்தொகை, கல்வெட்டு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்க்கு ஊதியம், வீட்டுப் பெட்டிகளில் செல்லரிக்கும் அரபுத்தமிழ்ச் சுவடிகளைக் காக்க ஓர் அலமாரி என இவற்றிற்கும் நிலையான அறக்கட்டளை வைத்தல் வேண்டும். நிலத்தையும் கடையையும் வக்பு செய்து தலைமுறை தலைமுறையாகப் பயன் விளையச் செய்த மரபு நம்முடையது. கற்பிக்கும் ஆசிரியரின் இருக்கையும் அவ்வாறே நிலைத்த பயன் தருவதன்றோ?

மாணவர்க்கும் ஒரு சொல். நீங்கள் பயிலும் துறைக்கு எதிரே உள்ள அறையில் யார் என்ன படிக்கின்றார் என்பதைக் கேட்டறியுங்கள். தமிழ்ப் பிரிவினர் ஒருமுறை செங்கத்து நடுகற்களைக் காண வரலாற்றுப் பிரிவினரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அரபுப் பிரிவினர் இப்னு பதூதாவின் அப்பகுதியை மூலத்திலிருந்தே தமிழாக்கி இத்தகைய மலர் ஒன்றில் வெளியிடுங்கள். வல்லாளர் ஆண்ட ஊரில், அவர் முடிவைக் கூறும் நூல் அந்நூலின் மொழியிலிருந்தே நேரே தமிழில் வருமாயின், அதனைக் கோயில் வீதியில் வாழ்பவரும் பள்ளிவாசல் தெருவில் வாழ்பவரும் ஒருங்கே படிப்பர். அப்படிப்பு நிகழும் இடமே கலைப்புலம். அதற்கான வாயிலைத் திறக்கும் பொறுப்பு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒருங்கே உரியது என்பதே நம் துணிபு.